சடையாண்டி துணை

உ
சடையாண்டி துணை

9 ஜனவரி 1956, மாத்தளை

முதலாளி கொடுத்த டயரி. எட்டு நாள் பெட்டிக்குள் கிடந்தது. இன்றைக்குத்தான் பிரித்தேன்.

ஜவுளிக்கடைக்குப் பின்னால் ஒரே அறை, மூன்று டிரங்குப் பெட்டி, திண்டுக்கல் பக்கத்து ஆட்கள் மூன்று பேர். நான் ஆத்தூர். கடையில் துணி கிழித்துக் கொடுப்பேன், முதலாளிக்குக் கடிதமும் எழுதுவேன். சூசையும் அதே கடைதான். ஜெகபர் அலிக்குத் திண்டுக்கல்லில் பேகம்பூர். கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருக்கிறான். மூன்று பேருக்கும் சமையல் அவன்தான். நான் அவனைப் பாய் என்பேன், அவன் என்னை மாப்ளே என்பான்.

இன்றைக்குச் சலவைக்குப் போடும் துணிகளை எழுதி வைத்தேன். மேலே பிள்ளையார் சுழியும் அதற்குக் கீழே சடையாண்டி துணையும் போட்டிருந்தேனாம். பாய் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் மாப்ளே, ஒன் கிழிஞ்ச பனியனுக்குமா சடையாண்டி காவலு?" என்ன செய்ய, கை தானாகப் போடுகிறது. எங்கள் மலையடிவாரத்துச் சாமியை எழுதாமல் அய்யா எங்களை 'அ' கூட எழுதவிட்டதில்லை.

இலங்கையில் தங்க வாங்கிய பெர்மிட் மார்ச் 31-ல் முடிகிறது. புதுப்பிக்க மனுப் போட்டு ஆறு வாரம் ஆச்சு, கொழும்பிலிருந்து ஒரு மூச்சுப் பேச்சு இல்லை. சூசைக்குப் போன மாதமே வந்துவிட்டது. பாய்க்கு இந்தக் கவலையே கிடையாது. ஐந்து வருஷத்துக்கு முன் தோணியில் வந்து இறங்கியவன் அவன், காகிதம் என்று ஒன்று இருந்தால்தானே முடிவதற்கு! இது இந்த அறையில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

எனக்குக் கிடைக்காவிட்டால்? அய்யா உழவுமாட்டை விற்று என்னைக் கப்பல் ஏற்றினார். வெறுங்கையோடு அவர் முன்னால் போய் நிற்கவா? அதற்குக் கடலிலேயே குதிக்கலாம்.

17 ஜனவரி

அண்ணன் கண்ணுசாமியிடமிருந்து கடிதம். அய்யாவுக்கு இருமல் விடவில்லையாம். அவர் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதிய வரி: "பெர்மிட்டக் கையில வாங்காம இந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்துறாத." எழுபது வயசிலும் அதட்டல் குறையவில்லை. பாய்க்குப் படித்துக் காட்டினேன். "ஒங்க அய்யா கலெக்டராப் போயிருக்க வேண்டிய ஆளு" என்றான்.

22 ஜனவரி, ஞாயிறு

சுதுகங்கையில் மூவரும் குளியல். திரும்பி வந்து பாய் ஆட்டுக்கறி பிரியாணி போட்டான். ஊர் சீரகச்சம்பா இல்லை, இந்தத் தீவு அரிசிதான். ஆனாலும் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கும் சிங்களத்துச் சோமாவதி அக்கா மோப்பம் பிடித்துத் தட்டோடு வந்துவிட்டாள். "அலி மாத்தயா, கொஞ்சம் போடு" என்கிறாள். மாத்தயா என்றால் ஐயா. அவளுக்குத் தெரிந்த தமிழில் பாதி சாப்பாட்டுத் தமிழ்தான்.

2 பிப்ரவரி

இன்று கடைக்கு இரண்டு ஆபீசர்கள் வந்தார்கள். "தண்டாயுதபாணி யார்? இந்த வேலையை இங்கே பிறந்தவன் செய்ய முடியாதா?" என்று முதலாளியைக் கேட்டார்கள். முதலாளி ஏதோ சமாளித்தார்.

என் பெயர் எப்படித் தெரியும்? நேராக என் பெயரைச் சொல்லிக் கேட்கிறான் என்றால் எவனோ எழுதிப் போட்டிருக்கிறான். சூசையும் அதையேதான் சொல்கிறான். "நம்ம பக்கத்துல இருக்கிறவனாத்தான் இருக்கும் பாணி. தூரத்துல இருக்கிறவனுக்கு ஒன் பேரு எதுக்கு?"

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஆபீசர்கள் வந்த உடனே பாய் மிஷினை விட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனான். பயத்தில் போனான் என்று நினைத்தேன். பயம்தானா?

16 பிப்ரவரி

தபால்காரர் கடிதங்களை வாசலில் பாயிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். இன்றைக்கு ஒரு கார்டு வந்ததாம். சூசை கடைக்குள்ளிருந்து பார்த்திருக்கிறான். "பாய் படிச்சான். படிச்சிட்டுத் தெருவுல எறங்கி நாலாக் கிழிச்சுச் சாக்கடையில போட்டுட்டான். ஒன் பேரு மாதிரித்தான் தெரிஞ்சுச்சு."

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் போனால் பாய் குழாயடியில் தலையோடு நனைந்து நிற்கிறான். கண் சிவந்திருந்தது.

"எனக்குக் கார்டு வந்துச்சா பாய்?"

"இல்லையே மாப்ளே." முகத்தைப் பார்க்காமலே சொன்னான். பிறகு, "நீயும் தலைக்கு ஊத்திட்டு வந்து சாப்பிடு. வெக்கை தாங்கல."

வெக்கையாம்! காலையிலிருந்து மழை பிசுபிசுத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்றேன், விடவில்லை. வாளியைத் தூக்கி அவனே தலையில் கவிழ்த்துவிட்டான்.

17 பிப்ரவரி

சாக்கடை ஓரத்தில் குச்சியால் கிளறினேன். ஒரு துண்டு கிடைத்தது. மை கரைந்து '...யுதபாணிக்கு' மட்டும் மிச்சம். என் பெயர்தான். என் கார்டுதான். பெர்மிட் ஆபீசிலிருந்து வந்திருக்குமோ?

ஏன் இல்லை என்றான்?

18 பிப்ரவரி

சவரக் கத்தியைக் காணவில்லை. பாயைக் கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்கிறான். சூசை கத்தியைக் கடன் கேட்டேன். பாய் குறுக்கே விழுந்து, "அவன் கத்தி மழுங்கல், மூஞ்சியக் கிழிச்சிரும்" என்று தடுத்துவிட்டான். என் மூஞ்சிமேல் இவனுக்கு என்ன திடீர் அக்கறை?

21 பிப்ரவரி

இன்றைக்கும் கறி இல்லை, மீன் இல்லை. மீன்காரனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். ஆறு நாளாகச் சாம்பார், ரசம், பூசணிக்காய். பேகம்பூர்க்காரன் கறி இல்லாமல் ஒரு வேளை உண்பானா? வெஞ்சனம் என்று ஒரு சுட்ட அப்பளம் வைக்கிறான். "ஒடம்புக்கு நல்லது மாப்ளே."

யார் உடம்புக்கு? சோற்றில் எதையாவது கலக்கிறானா? சீச்சீ, இது என்ன நினைப்பு. ஆனால் நினைப்பு வந்துவிட்டது. அவன் முதலில் ஒரு வாய் வைக்கட்டும் என்று செத்த நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

23 பிப்ரவரி

மாரியம்மன் கோயில் பண்டாரத்தோடு பாய் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், கோயில் மதிலுக்கு வெளியே. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. பண்டாரம் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், இழவு வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல.

முஸ்லிமுக்குப் பண்டாரத்திடம் என்ன ஜோலி? எதற்காக என்னைக் கண்டதும் நிறுத்தவேண்டும்? மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

26 பிப்ரவரி, ஞாயிறு

மாசித் தேர். ஆறு வருஷமாக நான் வடம் பிடிக்காத தேர் கிடையாது. காலையில் வேட்டி கட்டிக் கிளம்பினேன். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். "மாப்ளே, என்னை விட்டுட்டுப் போகாத, உசுரு போகுது." டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றால் வேண்டாம். சோமாவதி அக்காவைக் கூப்பிடுகிறேன் என்றால் அதுவும் வேண்டாம். நான்தான் பக்கத்தில் இருக்கவேண்டுமாம். மேளம் தெருவைத் தாண்டிப் போனது. வெடி கேட்டது. நான் இந்தத் தடியனின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

தேர் நிலைக்கு வந்த சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான். "இப்பப் பரவாயில்ல." டீ போட்டுக் குடித்தான்!

நாடகம். அம்புட்டும் நாடகம். என்னைத் தேரடிக்குப் போகவிடக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே யாரைப் பார்த்துவிடுவேன் என்று பயம்?

27 பிப்ரவரி

சவரக் கத்தி பெட்டிமேல் இருக்கிறது! பத்து நாள் எங்கே போயிருந்தாய் என்று அதையே கேட்டேன். "மழிச்சிட்டு, குளிச்சிட்டு வா" என்றான் பாய். மத்தியானம் வடை, பாயாசம், வாழை இலை. முதல் இலையைக் காக்கைக்கு வைத்துவிட்டு வந்தான். என்ன விசேஷம் என்று சூசை கேட்டான். "சும்மாத்தான்" என்றான். சும்மா யாராவது பாயாசம் வைப்பார்களா?

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

1 மார்ச்

கறிக்குழம்பு திரும்பிவிட்டது.

7 மார்ச்

அண்ணன் கடிதம். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, செல்லக்கிளி மதினிக்குக் கால்வலி. அய்யாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த ஆறு வருஷத்தில் அய்யா பேர் இல்லாமல் ஒரு கடிதம் வந்ததில்லை. என்மேல் கோபமா? கடைசி வரிதான் நெஞ்சைக் குத்துகிறது: "அங்கே பாய் சொல்றபடி கேட்டு நட."

அண்ணனுக்கும் பாய்க்கும் என்ன போக்குவரத்து? அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூடக் கிடையாதே!

10 மார்ச்

நூல்கண்டு தேடுகிற சாக்கில் மிஷின் டிராயரைத் திறந்தேன். ஒரு உறை. அண்ணன் கையெழுத்து. மேல்விலாசம் ஜெகபர் அலிக்கு. உள்ளே இருப்பதை எடுக்குமுன் பாய் வந்துவிட்டான். "அத வை மாப்ளே" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் குரல் அப்படி மாறி நான் கேட்டதில்லை.

சூசை கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டான். "நீ சோமாவதி கடையே கதின்னு கெடக்கேன்னு ஒங்க வீட்டுக்கு எழுதிருப்பான். ஒங்க அய்யா அதான் பேச்ச விட்டுட்டாரு. அவனுக்குப் பெர்மிட்டு இல்ல பாரு. தனக்கு இல்லாதது அடுத்தவனுக்கு எதுக்குங்கிற எண்ணம்."

சூசை சொன்னது எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது. ஆபீசர், கார்டு, பண்டாரம், தேர். அட பாவி. உன் கையால்தானே தின்றேன்!

12 மார்ச்

எழுதிவிட்டேன். சூசைக்கும் தெரியாது. 'மாத்தளையில் இன்ன கடை வாசலில் தைக்கும் ஜெகபர் அலி 1951-ல் கள்ளத்தோணியில் வந்தவர். அவரிடம் எந்தக் காகிதமும் இல்லை.' பெயர் போடவில்லை. இடது கையால் எழுதினேன். கோணல்மாணலாக வந்தது, எனக்கே என் எழுத்து என்று தெரியவில்லை. திருப்பிப் படிக்கவில்லை. படித்தால் அனுப்பமாட்டேன். அப்படியே மடித்து ஒட்டிவிட்டேன்.

அவன் என் பெர்மிட்டில் கை வைத்தான், நான் அவன் இல்லாத பெர்மிட்டில் கை வைக்கிறேன். வேறென்ன?

14 மார்ச்

தபால் பெட்டியில் போட்டாச்சு. நல்ல மழை.

19 மார்ச்

பாய் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தான். "ஊருக்குப் போறப்ப போட்டுக்க." நான் ஊருக்குப் போகிறேன் என்று யார் சொன்னது? வெள்ளைத் துணி. அளவு எடுக்காமலே தைத்திருக்கிறான், கச்சிதமாக இருக்கிறது. என்னைத் துரத்துவதற்குச் சட்டைவேறு!

27 மார்ச்

வந்துவிட்டார்கள். மூன்று பேர், காக்கி.

பாய் ஒரு பாவாடையின் விளிம்பு தைத்துக்கொண்டிருந்தான். பெயரைக் கேட்டார்கள், சொன்னான். காகிதம் கேட்டார்கள், இல்லை என்றான். ஓடவில்லை. பாக்கி விளிம்பை ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்து, மிஷினுக்குத் துணி மூடினான். அவர்களும் நின்றார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"மாப்ளே, சட்டியில குழம்பு இருக்கு, சுட வச்சுக்க. பெர்மிட்டு வந்ததும் மொத கப்பல்ல ஊருக்குப் போ. ஏன்னு கேக்காத. போ."

போகிற நேரத்திலும் என்னை ஊருக்குத் துரத்துகிறான். பார்த்தாயா?

சோமாவதி அக்கா தெருவில் நின்று அழுதாள். நான் அழவில்லை.

28 மார்ச்

குழம்பைச் சுட வைக்கவில்லை. கொட்டினேன்.

2 ஏப்ரல்

பெர்மிட் வந்துவிட்டது! இரண்டு வருஷம்!! முதலாளி சொல்கிறார்: "அன்னைக்கு ஆபீசர்ங்க எல்லாக் கடைக்கும்தான் போனாங்க. பேர் லிஸ்டு அவங்க கையிலயே இருந்துச்சு."

எல்லாக் கடைக்குமா?

அப்படியென்றால் எழுதிப்போட்டவன் என்று ஒருத்தன் இல்லையா? இருக்கட்டும். கார்டு இருக்கிறதே. தேர் இருக்கிறதே. அதற்கெல்லாம் என்ன பதில்?

16 ஏப்ரல்

ஒரு மாதம் லீவு. தலைமன்னாருக்கு ரயில். பெர்மிட்டை அய்யா கையில் கொடுத்து, "பாருங்க, வாங்கிட்டேன்" என்று சொல்லவேண்டும். இதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன், வேறு நல்ல சட்டை இல்லை.

19 ஏப்ரல், ஆத்தூர்

அய்யா இல்லை.

20 ஏப்ரல்

பிப்ரவரி 12-ஆம் தேதி. மாட்டுக் கொட்டத்தில் சாய்ந்தவர் எழவில்லை. கடைசிவரைக்கும் "சின்னவனுக்குப் பெர்மிட்டு வந்துச்சா"ன்னு கேட்டாராம். அண்ணன்தான் கொள்ளி வைத்தது. மூத்தவன் வைப்பதுதான் முறை. தந்தி கொடுத்தால் நான் பாதி வழியில் தவிப்பேன் என்று, எல்லாம் முடிந்து கார்டு போட்டிருக்கிறார்கள்.

கார்டு!

வந்ததும் அண்ணன், "பாய் சொல்லித்தான கெளம்பி வந்த?" என்றது. நான் முழித்தேன். அண்ணன் உள்ளே போய் மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து போட்டது. பாய் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி. முதல் கடிதத்தை அப்படியே எழுதி வைக்கிறேன். நான் எழுதத்தான் வேண்டும்.

'அண்ணனுக்கு அலி சலாம். கார்டு பாத்தேன். தெருவில் நின்னு படிச்சுக் கிழிச்சுப் போட்டேன். வீட்டுக்குள்ள கொண்டுபோகலை. மாப்ளைக்குச் சொல்லலை. சொன்னா அடுத்த கப்பலில் ஏறிருவான். மனு கொழும்பில் இருக்கும்போது ஆள் இங்கே இல்லேன்னா பெர்மிட்டு தரமாட்டானாம். அய்யா ஆசை அதுதானே. பெர்மிட்டு வந்த அன்னைக்கு நானே பக்கத்தில் உக்காந்து சொல்றேன். அதுவரைக்கும் நீங்களும் எழுத வேண்டாம். பிள்ளை செய்ய வேண்டிய தீட்டு குறையக் கூடாதுன்னு கோயில் பண்டாரத்தைக் கேட்டேன். தலைக்கு ஊத்திட்டேன். கவுச்சி நிறுத்திட்டேன். சவரம் கூடாதுன்னார், கத்தியை அரிசிப் பானையில் ஒளிச்சு வச்சிருக்கேன். தேர் வருது, வடம் தொடாம எப்படியும் பாத்துக்கறேன். பதினாறு அன்னைக்கு இலை போட்டுருவேன். அவனுக்குத் தெரியாது. அவன் செஞ்சது செஞ்சதுதானே.'

தெருவில் நின்று படித்துக் கிழித்துப் போடுகிற கார்டு சாவுக் கார்டு என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். தலை முழுகினான், கவுச்சி விட்டான், காக்கைக்கு வைத்தான். இழவுக்குத் தப்பு அடிக்காத குறையாகச் சொல்லியிருக்கிறான். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை என் அய்யாவுக்குத் தீட்டுக் காப்பான் என்று எனக்குத் தோணலையே! என் புத்திய செருப்பால அடிக்கணும். அய்யாவுக்குப் பதினாறும் நான் செஞ்சிருக்கேன். செய்ய வச்சவன நான்...

மதினி சாப்பிடக் கூப்பிடுகிறாள். எழுத முடியவில்லை.

23 ஏப்ரல்

அண்ணனிடம் மொட்டைக் கடிதாசியைச் சொல்லிவிட்டேன்.

24 ஏப்ரல்

அண்ணன் திண்ணையில் தனியாகச் சாப்பிடுகிறது. மதினி சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

29 ஏப்ரல்

பேகம்பூர் போய்ப் பாயின் வீட்டை விசாரித்தேன். அவன் அம்மா மட்டும். "கொழும்புல அடைச்சு வச்சிருக்காங்களாம் அத்தா. நீங்கதான் பாணியா? கடுதாசிக்குக் கடுதாசி ஒங்க பேச்சுத்தான்." டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

6 மே

பாயைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். வந்துவிட்டான். போனேன்.

முற்றத்தில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான், கையால். தாடி நரைத்திருக்கிறது, ஒன்றரை மாதத்தில். என்னைப் பார்த்து எழுந்தான்.

"வாங்க தம்பி. உக்காருங்க."

வாங்க! தம்பி! எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் சந்தேகப் புத்தி விடுமா? தெரியாமல் இருக்குமோ, அம்மா முன்னால் மரியாதைக்குச் சொல்கிறானோ என்று ஒரு நப்பாசை. அய்யாவைப் பற்றி விசாரித்தான். சட்டை பொருந்துகிறதா என்று பார்த்தான். அம்மா உள்ளே போனதும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னான்:

"கொழும்புல ஒரு ஆபீசர், தமிழ் ஆளு. 'இது நெசமா'ன்னு ஒரு காகிதத்தக் காட்டுனாரு. எடது கையால எழுதுன மாதிரி, கோழி கெளறுன எழுத்து. மேல பிள்ளையார் சுழி. அதுக்குக் கீழ சடையாண்டி துணை."

ஊசியைச் சட்டையில் ஏற்றினான்.

"மாத்தளையில சடையாண்டிய எத்தன பேருக்குத் தெரியும்?" என்றான். "யார் எழுதுனதுன்னு தெரியுமான்னு அவரு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன். சொன்னா ஒங்க பெர்மிட்டையும் நோண்டுவாங்க."

காலில் விழப் போனேன். தள்ளி உட்கார்ந்துகொண்டான். "அதெல்லாம் வேணாம். சாப்ட்டுப் போங்க."

சாப்பிட்டேன். மறு சோறு வைத்தான். ஒரு தடவைகூட மாப்ளே என்று சொல்லவில்லை.

11 மே

என் கையைப் பற்றி யோசிக்கிறேன். இடது கைக்கு மாற்றினேன், பெயரை மறைத்தேன். சாமி பெயரை மட்டும் மறைக்கத் தெரியவில்லை. துரோகத்துக்கும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.

23 மே, மாத்தளை

திரும்பி வந்தது இருப்பதற்கு இல்லை. வேலை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "பைத்தியமா? இரண்டு வருஷம் போட்டுக் கொடுத்திருக்கான், ஊரெல்லாம் இதுக்குத் தவம் கெடக்கு" என்றார். சூசை பெட்டியின்மேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். "நான் என்ன வேணும்னா சொன்னேன் பாணி? பாத்ததத்தான சொன்னேன்." அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பார்த்ததைச் சொன்னான். எழுதியது என் கை.

சோமாவதி அக்கா கேட்டாள்: "பொலிசுக்கு யார் சொன்னது?"

"தெரியாது" என்றேன். அதே வார்த்தையைப் பாயும் கொழும்பில் சொன்னான். அவன் சொன்ன 'தெரியாது' வேறு.

2 ஜூன், தனுஷ்கோடி

பாயின் தையல் மிஷினைக் கொண்டுவருகிறேன். தூக்கித் தூக்கித் தோள் கன்றிவிட்டது. சுங்கத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். "ஒன் மிஷினா? ஒனக்குத் தைக்கத் தெரியுமா? உள்ள என்ன ஒளிச்சுக் கொண்டாற?" தலையைக் கழற்றிப் பார்த்தார்கள். டிராயரைக் கவிழ்த்தார்கள். பொத்தான், சுண்ணாம்புக்கட்டி, அண்ணன் கடிதங்கள், ஒரு கிழித்த காலண்டர் தாள். பிப்ரவரி மாதம். 12-லிருந்து 27 வரை ஒவ்வொரு தேதிக்கும் பென்சிலில் ஒரு கோடு. 26-க்குப் பக்கத்தில் 'தேர். விடக் கூடாது.'

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. "என்னடா இது ரகசியக் குறிப்பு? என்ன கணக்கு?"

"எங்க அய்யா செத்ததுக்குத் தீட்டுக் கணக்குங்க."

"அப்ப ஒன் கையெழுத்தா?"

"இல்லைங்க. பிரெண்டு எழுதுனது."

நம்பவில்லை. ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை புதிதில்லை, நானே மூன்று மாதம் அப்படிப் பார்த்தவன்தான். அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அதன்பிறகுதான் விட்டார்கள்.

4 ஜூன், திண்டுக்கல்

மிஷினை இறக்கினேன். பாய் துணியை விலக்கி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "மாத்தளை மழைக்குத் துரு ஏறிருக்கும்னு நெனச்சேன். எண்ணெய் போட்டிருக்கீங்க" என்றான்.

"போட்டேன் பாய்."

"திரும்ப எப்பப் போறீங்க?"

"போகலை."

சக்கரம் நின்றது. பிறகு சுற்றியது. "ஒங்க அய்யா கேட்ட பெர்மிட்டு" என்றான். அவ்வளவுதான்.

15 ஆகஸ்ட்

பேகம்பூர் மெயின் ரோட்டில் பாய் கடை போட்டுவிட்டான். நான் பக்கத்து ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறேன். துணி வாங்குகிறவர்களைத் தைக்க அவனிடம் அனுப்புகிறேன். கடை அடைத்ததும் போய் அவன் தைத்த சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறேன். கூலி தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். "அப்ப வராதீங்க" என்றான். வாங்கிக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி 1957, ஆத்தூர்

அய்யாவுக்கு வருஷம். பாய் வந்தான். வரமாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணன் எழுந்துபோய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தது. மதினி அவனுக்குத்தான் முதல் இலை போட்டாள். எனக்குப் பரிமாறும் வேலை.

போகும்போது, "வாரேன் தம்பி" என்றான்.

28 ஏப்ரல்

பெருநாளுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. பாய் கடையில் நிற்க இடமில்லை. புதுச்சட்டைக்காக வந்த குழந்தைகள் வாசலில் கத்துகிறார்கள். நான் லீவு போட்டுவிட்டு வந்து காலையிலிருந்து பொத்தான் தைக்கிறேன். முதுகு விட்டுப்போகிறது.

மத்தியானம், தலையை நிமிர்த்தாமல், மிஷினை மிதித்துக்கொண்டே பாய் கையை நீட்டினான். "மாப்ளே, அந்தக் கத்திரிய எடு."

சொல்லிவிட்டான். மிஷின் நின்றுபோனது. அவன் நிமிரவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை.

கத்திரியை எடுத்து, பிடி அவன் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். மிஷின் ஓடியது.